தேய்க்கத் தேய்க்கத் தெரிந்த முகம்

பேய், பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். பயத்தினால் இல்லை, கேட்க எரிச்சலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனாலும் கண்ணால் பார்க்காததை நம்பியதில்லை. இதைக் கண்ணால் பார்த்தேன், அதுவும் உச்சி வெயிலில். நீங்கள் நம்பாவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன், என் பெண்டாட்டியே நம்பவில்லை.

காளவாசலில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எனக்கு ஒரு பெயிண்ட் பட்டறை இருக்கிறது. வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பேன், டேங்கில் படம் வரைவேன். காளை, சாமி, தலைவர், கேட்டதை வரைந்து கொடுப்பேன். ஆனையூர் சோலைராசு அண்ணன் ஒரு காலத்தில் தன் மோட்டார் சைக்கிள் டேங்கில் மகள் முகத்தை வரையச் சொல்லி வந்தார். கவிதா அப்போது ஒன்றாம் வகுப்பு. பழைய பெயிண்ட்டைத் தகரம் தெரியும் வரை சுரண்டி, பிரைமர் அடித்து, அதன்மேல் நான்தான் வரைந்தேன். முன்பல் விழுந்த சிரிப்பு, தலையில் சிவப்பு ரிப்பன். அந்தப் படத்துக்கு அடியில் வேறு எதுவும் கிடையாது, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து அந்தத் தெருவே அதைக் கவிதா வண்டி என்றுதான் சொன்னது.

அந்தக் கவிதா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு மேலூர்ப் பக்கம் போய்விட்டாள். இப்படி ஆனால் எங்கள் பக்கம் சில வீடுகளில் தலை முழுகுவார்கள். எழவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் குளிப்பதுபோல் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது. அத்தோடு அந்தப் பிள்ளை செத்த கணக்கு. சோலைராசு அண்ணன் முழுகிய ஈரத்தலையோடு நேராக என் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்தார். படத்தின் வாயையும் ஒரு கண்ணையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் கிழித்து வைத்திருந்தார்.

“அழிச்சிரு தம்பி. தடம் தெரியக் கூடாது. முழுசா கறுப்பு அடிச்சு விடு.”

நாளைக்கு வாருங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆளின் முகத்தைப் பார்த்து மறுத்துப் பேச எனக்கு எப்போதுமே வராது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு டேங்குக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பரால் தேய்த்தேன். முதலில் சிரிப்பு போயிற்று, பிறகு கன்னம், ரிப்பனின் சிவப்பு தண்ணீரோடு கரைந்து வாசல் சாக்கடைக்கு ஓடியது. பிரைமரின் சாம்பல் நிறம் வெளியே வந்தது. அதில் ஒரு முகம் இருந்தது. தண்ணீருக்கு அடியில் கிடக்கிற போட்டோ மாதிரி, சாம்பலுக்குள் சாம்பலாக. கவிதாதான், ஆனால் வளர்ந்த கவிதா. சிரிக்கவில்லை. இடது புருவத்துக்கு மேலே தையல் போட்ட காயம் ஒன்று, முகத்தில் இன்னொரு இடத்தில் அதைவிட நீளமாக இன்னொன்று. வெயிலில் டேங்க் காய்ந்தால் மறைந்தது, தண்ணீர் பட்டால் திரும்ப வந்தது. என் கை நின்றுவிட்டது.

“அண்ணே, இங்க பாருங்க. பிள்ளை முகம்ணே. காயம்பட்ட மாதிரி இருக்கு.”

அவர் குனிந்து பார்த்தார். பிறகு டேங்கை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் போட்ட கீறலு அது. எனக்குப் பிள்ளையே கிடையாது. நீ தேயி.”

அவர் கீறியது வாயிலும் கண்ணிலும். புருவத்துக்கு மேலே ஒரு கோடுகூடக் கிடையாது, வரைந்தவனுக்குத் தெரியாதா? ஆனாலும் தேய்த்தேன். தகரம் பளபளக்கும் வரை அந்த முகம் போகவில்லை. கறுப்பு அடித்துக் கொடுத்தேன். அண்ணனை மானஸ்தன் என்று டீக்கடையில் மெச்சிக்கொண்டார்கள். ஒருத்தன் என்னிடமே, “அவரு மானத்துக்கு நீதான் பெயிண்ட் அடிச்சியாமே மாப்ள” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

சில மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு மாலை வாங்க மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். “சித்தப்பா” என்று யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினால் கவிதா, கையில் பூப்பை. இடது புருவத்துக்கு மேலே தையல். நான் பார்த்த அதே இடம், அதே வளைவு. மார்க்கெட் இரைச்சல் முழுக்க எனக்குக் காதில் அடங்கிப்போயிற்று. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“அப்பா வந்தாரு. வண்டிச் சத்தம் கேட்டதும் சமாதானமாயிட்டாருன்னு வாசலுக்கு ஓடுனேன் சித்தப்பா. டேங்கு கறுப்பா இருந்துச்சு. அதப் பாத்ததுமே உள்ள போயிருக்கணும்.”

சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்த கையாலேயே ஓங்கி அடித்திருக்கிறார். போலீசுக்குப் போகவில்லையா என்று கேட்டதற்கு, பெத்த அப்பன் மேல எப்படி என்றாள். அப்புறம் ஒன்று கேட்டாள்.

“தலை முழுகுனவரு எதுக்கு சித்தப்பா திரும்ப வரணும்? செத்தவளப் போயி அடிப்பாங்களா?”

திக்கித் திணறி, டேங்கில் பார்த்ததைச் சொன்னேன். புருவத்துக் காயத்தைப் பார்த்ததைச் சொன்னேன், இன்னொன்றும் இருந்தது என்றேன். புருசனைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடம்மா என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“எம்புட்டுத் தூரம் சித்தப்பா போறது? அப்ப இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு.”

இதைச் சொல்லிக்கொண்டே வலது காதுக்குக் கீழே விரலை வைத்து, தாடை வழியாகக் கழுத்து வரை மெதுவாக இழுத்தாள். அங்கே காயம் ஒன்றும் இல்லை. பூப்பையை எடுத்துக்கொண்டு மேலூர் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

சோலைராசு அண்ணன் வண்டி இன்றைக்கும் என் பட்டறையைத் தாண்டித்தான் போகிறது. அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கிறேன். இரண்டாவது காயம் அவள் விரல் போன அதே தடத்தில்தான் இருந்தது. அது எந்த இடம் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை.