இன்னொரு ஷெரீஃப்

பாண்டி பஜாரில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருடமாக லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவர் இனாயத் ஷெரீஃப். சட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் படித்துவிட்டு வாடிக்கையாளர்கள் கேட்பார்கள்: "டான்ஸ் மாஸ்டர் ஷெரீஃபுக்கு நீங்க சொந்தமா பாய்?" வக்கீல் ஒருவர், கேரம் சாம்பியன் ஒருவர் என்று பெயர் பெற்ற ஷெரீஃப்கள் இன்னும் இருந்தார்கள். அவர்களையெல்லாம் இனாயத் சிரித்தே கடந்துவிடுவார். தாங்க முடியாதவர் ஒருவர்தான், டி.வி.யில் சமைக்கும் தௌசீஃப் ஷெரீஃப். மனைவி ஜஹீதா அவருடைய நிகழ்ச்சியை ஒரு நாளும் விடமாட்டாள். "நம்ம ஷெரீஃப் இன்னிக்கு தால்ச்சா செய்றாரு" என்பாள். இத்தனை வருடத்தில் இனாயத்தை யாரும் 'நம்ம' சேர்த்துச் சொன்னதில்லை.

போன மாதம் அதே தௌசீஃப் கடைக்கே வந்தார். கொட்டிவாக்கத்தில் ஷூட்டிங்காம். முதலாளி துரைராஜ் எழுந்து நின்று ஜூஸ் வரவழைத்தார்.

"இவரும் ஷெரீஃப்தான் சார்."

"அப்படியா?" என்றார் தௌசீஃப், செல்போனிலிருந்து தலை நிமிராமல்.

அவருடைய பவருக்கு லென்ஸைச் சரியான கோணத்தில் வைத்து வெட்ட வேண்டும். இனாயத் பத்து டிகிரி தள்ளி வைத்தார். தெரிந்தேதான். எதிரில் இருப்பது லேசாகச் சாயும், தலை வலிக்கும், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டார். அன்றைக்கு அவருக்குப் பசி நன்றாக எடுத்தது.

ஐந்தாம் நாள் தௌசீஃப் திரும்பி வந்தார். இடது ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு.

"கத்தி எங்க போகுதுன்னே தெரியல பாய். நாலு தையல். என் கண்ணுதான் மோசமாயிடுச்சு போல."

"கண்ணு இல்ல சார்" என்றார் இனாயத். "நான்தான் லென்ஸைத் தப்பா வெச்சுட்டேன்." 'வேண்டுமென்றே' என்ற சொல் வாய்வரை வந்து நின்றுவிட்டது.

துரைராஜ் முறைத்தார். தௌசீஃபோ, "மனுஷன்னா தப்பு வராதா, விடுங்க" என்று இனாயத்தின் தோளைத் தட்டினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது இனாயத்துக்கு.

அரை மணி நேரத்தில் புதிதாக வெட்டிக் கொடுத்தார். அதற்குள் கடை முழுக்கக் கூட்டம். எல்லோரும் தௌசீஃபைச் சுற்றி நிற்க, படம் எடுக்கச் சொல்லி இனாயத்தைக் கூப்பிட்டார் துரைராஜ்.

வீட்டில் ஜஹீதா படத்தைப் பார்த்துக் குதித்தாள். "நீங்க எங்க நிக்கிறீங்க?"

"எடுத்ததே நான்தான்."

அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். "அய்யய்யோ, விரல்ல என்ன கட்டு? பாவம், யாரு கண்ணு பட்டுச்சோ!"

இனாயத் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்தார்.