அவர் வரும்வரை மீன் இல்லை

எங்கள் கல்லூரியில் எடைப் பயிற்சிக் கூடம் என்று போர்டு போட்ட அறையில் பாதி இடத்தை விழாவுக்கான பிளாஸ்டிக் நாற்காலிகள் பிடித்திருக்கின்றன. மிச்சப் பாதிக்கு நான் ராணி. ராமநாதபுரத்து உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்கிற பார்பெல் கம்பியைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பதும் ராணிதான். குண்டு, வட்டு, ஈட்டி மூன்றுக்கும் நான் பயிற்சியாளர். படித்தது விளையாட்டு அறிவியல். சிறப்பு விருந்தினர் வந்தால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதும் அந்த அறிவியலில் சேர்த்தி என்று எங்கள் முதல்வர் நினைக்கிறார்.

ஆகவே மதுரையில் ஒரு தனியார் மையம் வலிமைப் பயிற்சிக்கு என்னைக் கூப்பிட்டபோது, விட்டால் போதும் என்று இருந்தது. ஒரே ஒரு தடை, அதுவும் நானே போட்டுக்கொண்டது. குண்டு எறிகிற பெண் ஒருத்தி. தங்கச்சிமடத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு வேலைக்கு வழி பிறக்கும். அது முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று மதுரைக்காரரிடம் சொன்னேன்.

திங்கட்கிழமைதோறும் அவளை மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்து, கனமான மெடிசின் பந்தைத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் எறியச் சொல்வேன். உடம்பில் சக்தி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அறிய அதைவிட எளிய சோதனை கிடையாது. பந்து விழுந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவோம். தள்ளிப் போக வேண்டிய கோடு வாராவாரம் எங்களை நோக்கி வந்தது. தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன், மாதவிலக்கைப் பற்றிக் கேட்டேன், "யாரையும் லவ் பண்றியா?" என்றும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சிரிப்புதான். பாரத்தைக் குறைத்தேன். வீட்டிலிருந்து முட்டை அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "தேங்க்ஸ் மேடம்" என்று வாங்கிக்கொண்டாள். மைதானத்து நாய் மட்டும் நாளுக்கு நாள் மினுமினுவென்று ஆகிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன்.

"ஏ புள்ள, நான் அவிச்சுக் கொண்டாந்தா நீ நாய்க்குப் போடுறியா?"

தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். கடலுக்குப் போன அப்பாவைப் படகோடு இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் ஜெயில். "அவரு வாரவரைக்கும் மீனு, கறி, முட்டை தொடமாட்டோம்னு அம்மாவும் நானும் மாதாவுக்கு நேந்திருக்கோம் மேடம்."

எனக்கு வந்ததே கோபம். "நீ முட்டை திங்காட்டி அங்கன ஜெயில் கதவைத் திறந்து விட்ருவாங்களாக்கும்?"

"நான் தின்னு, அவரு வராமப் போயிட்டா மேடம்?"

குண்டு எந்தக் கோணத்தில் கையை விட்டுப் போக வேண்டும் என்று கேட்டிருந்தால் மணிக்கணக்கில் பேசியிருப்பேன். இதற்கு முட்டையை நிறுத்தியதுதான் நான் செய்தது. கடலை, பயறு, பால் என்று மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். ரெண்டு வாய்க்கு மேல் அவளுக்கு இறங்கவில்லை.

சரி, அம்மாவிடமே பேசிவிடுவோம் என்று, அவள் ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பாம்பன் பாலம் தாண்டிப் போனேன். புரதம், தசை, மகளின் எதிர்காலம் என்று சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்தாகிவிட்டது. வீட்டுக்குள் நுழையும்போதே மீன் குழம்பு வாசம். அப்பாடா, நேர்ச்சை முடிந்தது, நாம் வாயைத் திறக்கவே வேண்டாம் என்று சந்தோஷப்பட்டேன்.

இலை எனக்கு மட்டும்தான் போட்டார்கள். சோற்றில் பெரிய சீலா மீன் துண்டு. அந்த அடுப்பில் மீன் ஏறிப் பல மாதம் ஆகிவிட்டதாம். நான் வருகிறேன் என்று மகள் சொன்னதும், விருந்தாளிக்காகக் கரைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார் அந்த அம்மா.

"உப்பு, புளி எப்படி இருக்குன்னு நீங்கதான் சொல்லணும் டீச்சர். நாங்க நாக்குல வச்சுப் பாக்க முடியாதுல்ல."

உப்பு கரித்தது. "சரியா இருக்கு" என்றேன். தாயும் மகளும் சுவரோரமாக நின்று, நான் சாப்பிடுவதைச் சந்தோஷமாகப் பார்த்தார்கள். இலையைத் தள்ளவும் முடியாது, மீனை விழுங்கவும் முடியாது. அந்த நேரத்தில் எழுந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது எனக்கு. முள்ளை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு, ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

அந்த வாரம் வீட்டில் என் கணவர் நகரை மீன் பொரித்து வைத்தார். கை போகவில்லை. "உடம்புக்கு என்ன?" என்றார். அபிராமம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் நான். எங்களுக்குக் கருப்பசாமிதான், மாதாவிடம் எனக்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஒரு துண்டு மீனுக்கும் ஒரு மனுஷன் விடுதலைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும், நான் தின்று, அவர் வராமல் போய்விட்டால்? என் மேலேயே ஆத்திரமாக வந்தது. மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மதுரைக்காரர் நேற்று மறுபடியும் கூப்பிட்டார்.

"போட்டிதான் அடுத்த வாரம் முடியுதே மேடம். ஒண்ணாம் தேதி ஜாயின் பண்ணிறலாம்ல?"

பண்ணிவிடலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"யாழ்ப்பாணத்துலருந்து ஒருத்தர் வரணும் சார். வந்ததும் சொல்றேன்."

"யாரு மேடம், சொந்தமா?"

அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆமாம் என்றேன்.