நெடுந்தீவுக்குக் கொண்டுபோன படுக்கை

என் மனுசன் ஜெயரூபன் வீடு வீடாகப் போய் கரண்ட் மீற்றர் பார்க்கிறவர். புங்குடுதீவில் மடத்துவெளியிலிருந்து இறுப்பிட்டி வரைக்கும் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த நாய் குரைப்பதோடு நிறுத்தும் என்பது அவருக்கு மனப்பாடம். இருபத்திரண்டு வருடமாகச் சைக்கிளில்தான் வேலை. லீவு கிடைத்தால் மற்ற மனிதர்கள் கால் நீட்டிப் படுப்பார்கள். இவர் லீவிலும் சைக்கிள்தான் ஓடுவார். ஒவ்வொரு மாசி மாதமும் சைக்கிளைக் குறிகட்டுவானில் வள்ளத்தில் ஏற்றி நெடுந்தீவுக்குப் போய், கடற்கரையோரம் சின்னக் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கிவிட்டு வருவார். ஏன் என்று கேட்டால் சும்மாதான் என்பார். சும்மாவுக்கு ஒரு மனிதன் வெறும் நிலத்தில் போய்ப் படுப்பானா என்று பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக் களைத்துவிட்டேன்.

எனக்கு நிலத்தில் படுப்பதென்றால் பயம். சண்டையால் தீவை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்த வருடம் எனக்குப் பதினொரு வயது. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஏழெட்டுக் குடும்பங்கள் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தோம். என் பாயில்தான் தம்பி வாகீசனும் படுப்பான். ஒருநாள் விடியற்காலை வயிற்றுக்குள் நோகுது என்றான். கொஞ்ச நேரத்தில் கண்மடல் தாழ்ந்துகொண்டு வந்தது. பிள்ளைக்கு நித்திரை காணாது, படுக்க விடுங்கோ என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் போர்த்துவிட்டேன். அவன் பிறகு எழும்பவேயில்லை. பாயைத் தூக்கியபோது அடியில் எண்ணெய் விரியன் கிடந்தது. அது கடித்தால் வலி தெரியாது, பல் பட்ட அடையாளம்கூடப் பல நேரம் இருக்காது.

அதனால் இவர் நெடுந்தீவில் படுக்கும் இரண்டு இரவும் நான் மடத்துவெளியில் வீட்டுக் கட்டிலில் குந்திக்கொண்டு இருப்பேன். இந்த வருடம் மகள் கம்சிகா பல்கலைக்கழக விடுதிக்குப் போய்விட்டாள். வெறும் வீட்டில் தனியாக இருந்து பயப்படுவதைவிடப் பக்கத்தில் இருந்து பயப்படலாம் என்று முடிவெடுத்து, நானும் வருகிறேன் என்றேன். மனுசனுக்கு வாயெல்லாம் பல்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டில் வேறு கதையில்லை. முதலில் மடக்குக் கட்டில் வேண்டும் என்று கேட்டேன். அது ஐந்து கிலோ வரும், நெடுந்தீவுக் காற்றுக்கு எதிரே சைக்கிள் உழக்கும்போது ஒவ்வொரு கிலோவும் முழங்காலில் தெரியும் என்றார். நித்திரைச் சாமான் ஒருவருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது அவருடைய சட்டம். சங்கக் கடைத் தராசில் பாயை வைத்து நிறுத்துப் பார்க்கிற ஆளை வேறெங்கும் கண்டதில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

காற்றடிக்கிற பாய் ஒன்றைப் பார்த்தோம். சுருட்டினால் தண்ணீர்ப் போத்தல் அளவுதான், மெத்தை மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்தது, நிலத்திலிருந்து நாலு விரல் உயரமல்லவா. ஆனால் நெடுந்தீவில் கல்லுக்குக் கல் நெருஞ்சி முள், ஒரு முள் குத்தினால் விடியும்போது வெறும் பிளாஸ்டிக்கில் கிடப்போம் என்றார். கடைசியில் இரண்டு பேருக்கும் மடித்து வைக்கிற ஃபோம் பாய். கரியரில் நிறைய இடம் பிடிக்கும், ஆனால் பாரமில்லை, முள்ளுக்கும் அசையாது.

பிறகு படுக்கைப் பை. இவர் பாவிப்பது ஒரு பக்கம் திறந்த மெல்லிய பை. மாசிப் பனிக்கு அது போதும். எனக்குப் போதாது. கால் விரலிலிருந்து கழுத்துவரை சிப் போட்டு மூடுகிற பைதான் வேண்டும், ஓர் எறும்புகூட உள்ளே வரக்கூடாது என்று நின்றேன். கனடாவில் இருக்கும் மச்சாள் துஷாந்தினி தன்னிடம் உள்ளதை அனுப்புகிறேன் என்றாள். அது பனிமலைக்குச் செய்தது, நீர் அதற்குள் படுத்தால் புட்டு மாதிரி அவிஞ்சு போவீர் என்று இவர் சிரித்தார். இரண்டு சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில் அலைந்து, வெளிநாட்டுப் பழைய சாமான் விற்கும் கடையில் ஒன்றைக் கண்டுபிடித்தோம். நீல நிறம், ஒரு கிலோகூட இல்லை, சிப் வழுக்கிக்கொண்டு ஓடியது. நான் அந்தச் சிப்பை ஏழெட்டுத் தரம் இழுத்துப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வேறொரு பயம் பிடித்தது. பழைய படுக்கை, ஆர் படுத்ததோ, அதில் ஆர் செத்ததோ. செத்த வீட்டுச் சாமானைத் தோய்க்காமல் உள்ளே எடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. காற்றுப் பட விட்டால் போதும், தண்ணீரில் போட்டால் உள்ளிருக்கும் பஞ்சு இலேசில் காயாது என்று இவர் சொல்லித்தான் வேலைக்குப் போனார். நான் கேட்கவில்லை. மஞ்சள் தண்ணீரில் முக்கித் தோய்த்து, சிப்பை முழுக்கத் திறந்து, பனையோலை வேலியில் போட்டேன். அது பகல் முழுக்கக் காய்ந்தும் ஈரம் விடவில்லை. இரவும் கிடக்கட்டும் என்று விட்டேன். ஒரு நுனி கீழே அடுக்கியிருந்த காவோலையில் முட்டிக்கொண்டு கிடந்தது. விடிய எடுத்து, வள்ளத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் சிப்பைப் பூட்டிச் சுருட்டி, இறுக்கக்கூட நேரமில்லாமல் தளரக் கட்டினேன். உதறவில்லை. ஒரு பழந்துணியை மிதிப்பதற்கு முன்பும் உதறுகிற நான், அன்றைக்கு உதறவில்லை.

நெடுந்தீவில் இவருடைய கூட்டாளி ஐயாத்துரை அண்ணையின் கடற்கரையோரக் காணிக்குப் போய்ச் சேரப் பத்தரை மணி. வேப்பமர நிழலில் இவர் ஃபோம் பாய்களை விரித்தார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றேன். புல்லைப் பார்த்தேன், கல்லிடுக்கைப் பார்த்தேன், கால் கூசியது. என் முகத்தைப் பார்த்த மனுசன், பயத்தைத் தெளிவிக்கிறேன் என்று என் நீலப் பையை விரித்து, மேலே கொஞ்சம் திறந்து, காலை நுழைத்துக் கழுத்துவரை சிப்பை இழுத்துப் பூட்டிக்கொண்டு கிடந்தார். தலை மட்டும் வெளியே. சிரித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அப்படியே அசையாமல் கிடந்தார்.

"நிமலி, கத்தாதையும். முழங்காலடியிலை ஏதோ குளிரா ஊருது."

எனக்குத் தெரிந்துவிட்டது. பார்க்காமலே தெரிந்துவிட்டது. மெல்லப் போய் அவர் தலைமாட்டில் குந்தி, சிப்பைப் பிடித்தேன். வழுக்கிக்கொண்டு ஓடிய அந்தச் சிப் நெஞ்சுக்கு நேரே துணியைக் கவ்விக்கொண்டு நின்றது. இழுத்தால் பை அசையும், அசைந்தால் உள்ளே இருப்பது கொத்தும். நகத்தால் துணியை நூல் நூலாக விடுவித்தேன். இவர் மூச்சுவிடுகிறாரா என்றே தெரியவில்லை. நெற்றியில் வியர்வை கண்ணுக்குள் ஓடியும் இமைக்கவில்லை. இடுப்புவரை திறந்ததும், முழங்கையை ஊன்றி அரை விரல் அரை விரலாகப் பின்னுக்கு நகர்ந்தார். கடைசியில் பாதம் வெளியே வந்தது. பைக்குள் எட்டிப் பார்த்தேன். கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள், அதே எண்ணெய் விரியன். தலையை உடம்புக்குள் புதைத்துச் சுருண்டு கிடந்தது.

அதற்குள் கால் நீட்ட வேண்டியவள் நான். அதை அங்கே கொண்டுவந்தவளும் நான்.

ஐயாத்துரை அண்ணை ஓட்டோவில் எங்களை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார். இளம் டொக்டர், நல்ல பிள்ளை. இவருடைய காலிரண்டையும் விளக்குப் பிடித்துப் பார்த்தார், காயம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எண்ணெய் விரியன் என்றால் அதை நம்ப ஏலாது, இருபத்துநாலு மணித்தியாலம் பார்க்கவேணும், கண்மடல் தாழ்ந்தால் உடனே மருந்து ஏற்றுவோம் என்றார். பை எங்கே கிடந்தது என்றும் கேட்டார்.

"நான்தான் டொக்டர். தோய்ச்சு வேலியிலை போட்டனான். இரவு எடுக்கேல்லை."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நாய்க்குப் பயமில்லை, கடலுக்குப் பயமில்லை, இருட்டுக்குப் பயமில்லை என்று நான் இருபத்தொரு வருடமாகத் திட்டி வந்த மனுசன் என் கையைப் பிடித்தார். பிடித்த பிடியை விடவில்லை.

"என்ரை கண்ணைப் பாத்துக்கொண்டிரும்," என்றார்.

பார்த்தேன். மனுசனுடைய கண்ணை அவ்வளவு நேரம் நான் கலியாணம் கட்டியபோதும் பார்த்ததில்லை. இடது மடல் வலதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருப்பது போலத் தெரிந்தது, தாதியைக் கூப்பிட்டேன். அவ பார்த்துவிட்டு இல்லை என்றா. பிறகு வலது தாழ்ந்ததாகத் தெரிந்தது, மறுபடியும் கூப்பிட்டேன். வயிறு நோகுதா என்று கேட்டுக் கேட்டு அவருக்கு இல்லாத நோவையும் வரவைத்துவிடுவேன் போல இருந்தது. பின்நேரம் கடைசி வள்ளமும் போய்விட்டது. நோயாளி நித்திரை கொள்ளலாம், நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார். இவருக்கும் கண் சொருகியது. நான் விடவில்லை. தோளை உலுப்பினேன், முகத்துக்குத் தண்ணீர் அடித்தேன், கம்சிகா பிறந்த நாளிலிருந்து எல்லாக் கதையும் கேட்டேன். நித்திரைக்காரனை உலுப்புகிற விசர் மனுசி என்று பக்கத்துக் கட்டில்காரர் நினைத்திருப்பார். நினைக்கட்டும். ஒரு பிள்ளையை நித்திரை கொள்ளட்டும் என்று போர்த்துவிட்டவள் நான்.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு டொக்டர் கடைசித் தரமாகக் கண்ணைப் பார்த்து, தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லி, ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கோ என்றார். நான் இவருடைய செருப்பை எடுத்து, இரண்டு தரம் உதறிவிட்டுக் காலடியில் வைத்தேன்.

பின்நேர வள்ளத்தில் சனம் நெருக்கியடித்தது. இவர் என் பக்கத்தில் இருந்தார். வள்ளம் வெளிக்கிட்டதும் தலை மெல்லச் சரிந்து என் தோளில் விழுந்தது. இந்தமுறை நான் உலுப்பவில்லை. உள்ளங்கையை மட்டும் அவர் மூக்கடியில் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் வாய் திறந்து, வள்ளத்து இயந்திரத்துக்கு மேலால் குறட்டை கேட்டது. முன்னால் இருந்த பெட்டைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். வேறொரு நாளென்றால் வெட்கத்தில் முழங்கையால் இடித்திருப்பேன். அந்தக் குறட்டை ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு, சனம் பார்க்கப் பார்க்க, குறிகட்டுவான் வரும்வரை அழுதேன்.