துபாய்க்கு நாலு மணி நேரம்

மீனம்பாக்கத்தில் ஏறினால் நாலு மணி நேரத்தில் துபாய் என்று அண்ணனுக்கு டிக்கெட் போட்டவர் சொல்லிவிட்டார். "சேலம் போயி வர்ற நேரங்கூட இல்ல" என்று அம்மா கள்ளக்குறிச்சி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மீனம்பாக்கம் வரை ஒரு ரோடு இருக்கிறதே, அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அதில் எரிச்சல்தான்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம் அது. அண்ணனை வழியனுப்ப அத்தா விடியுமுன்னே வேனில் கிளம்பினார். மதியம் விமானம். சாயங்காலம் அஸர் தொழுததும் அம்மா, "இந்நேரம் எறங்கியிருப்பான்" என்று சர்க்கரை வைத்து பாத்திஹா ஓதி, தெருவுக்கே கொடுத்தாள்.

கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் தலையில் பெட்டியோடு நடந்து வந்தான். பின்னால் அத்தா. உளுந்தூர்பேட்டைக்கு இந்தப் பக்கமே போராட்டக்காரர்கள் புளியமரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்களாம். திரும்பலாமென்றால் பின்னாலும் மரம் விழுந்திருக்க, வேனை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்களாம்.

அம்மா மிச்சச் சர்க்கரையை அவன் வாயில் போட்டாள். அந்த ஒரு வாரம் எங்கள் வூட்டில் தினமும் பெருநாள்தான்.

அடுத்த வாரம் அவன் போய்விட்டான். அம்மா சர்க்கரையைத் தொடவே இல்லை. அத்தாவிடம்தான் எரிந்து விழுந்தாள்:

"அந்த மரத்தயெல்லாம் இன்னாத்துக்கு அவ்ளோ சீக்கிரம் எடுத்தாங்க?"