வெறுங்காலோடு ஏறிய டிரெட்மில்

போன வருஷம் பங்குனி மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பகுதி அம்மன் கோவிலில் பூக்குழித் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்தது. மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனால் பூக்குழி இறங்குவதாக என் கணவர் வேண்டியிருந்தார். பேத்தி பிறந்து தவழவும் ஆரம்பித்துவிட்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே என்று அவரும் மற்றவர்களோடு சேர்ந்து காப்புக் கட்டிக்கொண்டார்.

காப்புக் கட்டினால் மஞ்சள் வேட்டி, ஒரு வேளைச் சாப்பாடு, காலில் செருப்புக் கூடாது. வேலைக்காக வெளியூர் போகலாம், ஆனால் இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும். வெளியூரில் தங்கினால் விரதம் முறிந்துபோகும். இதெல்லாம் கோவிலில் சொல்வார்கள். யாரும் சொல்லாமலே ஆண்கள் பிடித்துக்கொள்ளும் இன்னொன்றும் உண்டு. காப்பு கையில் இருக்கும்வரை ‘முடியவில்லை’, ‘வலிக்கிறது’ என்று வாயைத் திறக்கக் கூடாது. நெருப்பில் நடக்கப் போகிறவன் அதற்கு முன்னாலேயே வலிக்கிறது என்றால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா!

என் கணவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் ராஜபாளையம் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவார், மாலையில் கொண்டுபோய் விடுவார். விரதத்திலும் லீவு போடவில்லை. வெறுங்காலோடுதான் பிரேக்கை மிதித்தார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் சரியான பயந்தாங்கொள்ளி. போன் அடித்து அவர் எடுக்காவிட்டால், அடுத்த தடவை அடிப்பதற்குள் மனசுக்குள் ஒரு விபத்தையே நடத்தி முடித்துவிடுவேன். வீட்டில் எல்லோருக்கும் என்னைக் கேலி செய்வதே பொழுதுபோக்கு. அதனால்தான் அந்த முறையும் யாரும் என்னை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாலையில் நாங்கள் இருவரும் கோவிலுக்கு நடந்து போவோம். ஒரு நாள் உரக்கடை வாசலில் திடீரென்று நின்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். பிறகு நடந்தார். மறுநாளும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்று போனைப் பார்த்தார். நடந்துகொண்டே போனைப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அதற்கடுத்த நாள் நான் சும்மா இருக்க முடியாமல் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். போனில் வெளிச்சமே இல்லை. அணைந்திருந்த போனைப் பார்த்துக்கொண்டு நின்றார் மனுஷன். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக இருந்தது.

“என்னங்க செய்யுது?”

“ஒண்ணுமில்லட்டி. வயித்துல ஒண்ணும் இல்லேல்ல, வாயு மேல ஏறுது. செத்த நேரம் நின்னா சரியாப் போயிரும்.”

நின்றால் சரியாகப் போகிறது, நடந்தால் வருகிறது. அது என்ன வாயு, நடக்கும்போது மட்டும் வருவது? வழி நெடுக நச்சரித்தேன். நெஞ்சுக்கு நடுவில் யாரோ உள்ளங்கையை வைத்து அமுக்குகிற மாதிரி இருக்கிறதாம், சில சமயம் தாடை வரைக்கும் இழுக்கிறதாம். பல் வலியாக்கும் என்று கிராம்பு வைத்திருக்கிறார்! இதை அவர் வாயிலிருந்து வாங்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுபோனது.

பக்கத்து வீட்டில்தான் என் நாத்தனார் இருக்கிறார். அவரிடம் ஓடினேன். “மதினி, அண்ணனுக்கு நெஞ்சு வலியா? நல்ல காரியம் நடக்குறப்ப வாயக் கழுவுங்க. வெறும் வயித்தோட இருந்தா யாருக்கும்தான் அடைக்கும்” என்று ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். என் கணவரும் குடித்துவிட்டு ஏப்பம் விட்டுக் காட்டினார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் தொல்லை தாங்காமல் மறுநாள் பஸ்ஸை விட்டுவிட்டு வரும் வழியில் கிளினிக்குக்குப் போய் ஈசிஜி எடுத்துவிட்டு வந்தார். வாசலிலேயே அந்தத் தாளை விரித்துக் காட்டி, “நார்மல். போதுமாட்டி?” என்றார். நாத்தனார் அதை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். வீட்டில் பால்கோவா வந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள், விரதம் என்பதால் அவர் மட்டும் தொடவில்லை. நானும் தொடவில்லை.

நார்மல் என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று மாலையும் உரக்கடை வாசலில் அவர் நின்றாரே! தாளில் நார்மலாக இருப்பவர் தெருவில் ஏன் நிற்கிறார்? மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்பியதும் சாமி படத்துக்கு முன்னால் இருந்த தாளை எடுத்துக்கொண்டு நானே கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நான் அதோட நிறுத்தலியேம்மா. இன்னும் டெஸ்ட் எடுக்கணும்னு சொன்னேனே, அவர் சொல்லலையா?” என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். ஈசிஜி என்பது எடுக்கிற அந்த நேரத்து நிலைமையைத்தான் காட்டும். படுத்திருக்கும்போது இதயத்துக்கு வேலை குறைவு, கிடைக்கிற ரத்தம் போதும், கோடுகள் நன்றாகவே இருக்கும். நடக்கும்போது அதற்கு ரத்தம் கூடுதலாக வேண்டும். குழாயில் அடைப்பு இருந்தால் அப்போதுதான் தெரியும். அதனால்தான் நடந்தால் வலி, நின்றால் சரியாகிறது. ராஜபாளையத்தில் இதய டாக்டரைப் பார்த்து எக்கோவும் டிரெட்மில்லும் எடுத்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்றார். சும்மா இருக்கும்போதே வலி வந்தாலோ, வந்த வலி நிற்காமல் வேர்த்துக் கொட்டினாலோ டெஸ்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்றும் சொன்னார்.

அன்று பகல் முழுக்க வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். அவர் வந்ததும் சண்டை. பூக்குழி முடியட்டும் என்றார். நீங்கள் வராவிட்டால் நானும் பச்சைத் தண்ணீர் தொட மாட்டேன் என்றேன். பிடிவாதத்தில் பட்டாளத்துக்காரர் தோற்றது அன்றைக்குத்தான்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ராஜபாளையம் போய் இதய டாக்டரம்மாவைப் பார்த்தோம். ரத்தம் எடுத்தார்கள். இதயத் தசைக்குச் சேதம் இருந்தால் அதில் தெரியுமாம், இல்லை என்றார்கள். எக்கோ எடுத்தார்கள். இதயம் நன்றாகத்தான் சுருங்கி விரிகிறது என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எனக்கே வெட்கமாகிவிட்டது. தேவையில்லாமல் மனுஷனை இழுத்தடிக்கிறோமோ என்று தோன்றியது. கடைசியாக டிரெட்மில்.

“ஷூ கொண்டு வரலியாய்யா?” என்று கேட்டார் அங்கிருந்த நர்ஸ்.

“காப்புக் கட்டியிருக்கேம்மா. பட்டாளத்துல ஓடாத ஓட்டமா? பாஸாயிருவேன்.”

பாஸாயிருவேன் என்றாரே, அங்கேதான் விஷயமே இருந்தது. அவருக்கு அது பரீட்சை. மஞ்சள் வேட்டியை அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த பச்சைக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, மார்பெல்லாம் ஒயர் தொங்க, வெறுங்காலோடு அந்த ஓடும் பட்டையில் ஏறினார். டாக்டரம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார், நெஞ்சில் ஏதாவது செய்தால் உடனே சொல்ல வேண்டும் என்று. அவரும் தலையாட்டியிருந்தார். எனக்குத்தான் அந்தத் தலையாட்டல் தெரியும். நான் காய்கறி வாங்கி வரச் சொன்னாலும் அப்படித்தான் ஆட்டுவார்.

என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. நான் எங்கே உட்கார்ந்தேன்! அதில்தான் முகத்தைப் பதித்துக்கொண்டு நின்றேன். முதலில் மெதுவாக நடந்தார். பட்டை வேகமெடுத்தது, கொஞ்சம் மேடாகவும் ஆனது. நர்ஸ் ஏதோ கேட்டார். இவர் சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையசைத்தார். டாக்டரம்மா திரையில் ஓடும் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் நர்ஸ் கேட்டார். மறுபடியும் சிரிப்பு.

அப்போது அவருடைய இடது கை கம்பியை விட்டு இறங்கியது. கட்டைவிரலை உள்ளே மடக்கி, முஷ்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்த முஷ்டியை நான் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அவருக்கு விரல் நசுங்கித் தையல் போட்டபோது. இன்னொன்று, அவர் அம்மாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று. முகம் சிரித்துக்கொண்டுதான் இருக்கும், கை மட்டும் இப்படிப் போகும்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். “அவருக்கு வலிக்கிம்மா! கையப் பாருங்க, அவருக்கு வலிக்கி! வாயத் தெறந்து சொல்ல மாட்டாரு!” என்று கத்தினேன். டாக்டரம்மா அதற்குள் திரையில் எதையோ பார்த்திருந்தார். “நிறுத்துங்க” என்றார். பட்டை நின்றது. அவரைப் பிடித்துப் படுக்க வைத்து, நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தார்கள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வலி அடங்கியதும் டாக்டரம்மா கேட்டார்: “எப்ப ஆரம்பிச்சது?”

“ஏறுன கொஞ்ச நேரத்துலயே” என்றார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

“ஏன் சொல்லல? நீங்க சொல்றதும் இந்த டெஸ்ட்ல பாதி. நீங்க மறைச்சா நான் எதை வச்சுப் பார்க்குறது?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கோடுகள் மாறிவிட்டன, அடைப்பு இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது, இன்றே மதுரைக்குப் போய் ஆஞ்சியோ பார்த்துவிட வேண்டும், அங்கே தங்க வேண்டியிருக்கும் என்றார்.

தங்க வேண்டும் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “ஏலாதும்மா. பூக்குழி முடிஞ்ச பொறவு வாரேன்.” நான் அழுதேன். கெஞ்சினேன். மகளிடம் போனில் பேச வைத்தேன். அசையவில்லை. நேர்ச்சை பேத்திக்காக, அதை முறித்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவர் பயந்தார். அவரும் பயப்படுவார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

டாக்டரம்மா சீட்டு எழுதிக்கொண்டே, “என்ன வேலை பார்க்குறீங்க?” என்று கேட்டார்.

“காலேஜ் பஸ் ஓட்டுறேன்.”

எழுதிய கை நின்றது. “வண்டி ஓட்டும்போது எப்பவாவது வந்திருக்கா?”

நானும் அவரைப் பார்த்தேன். காப்புக் கயிற்றைத் திருகிக்கொண்டே சொன்னார். “போன வாரம் ஒரு நா. ஸ்டியரிங்க ஒடிச்சுத் திருப்புறப்ப வந்துருச்சு. ஓரங்கட்டி நிப்பாட்டிட்டு, டயரப் பாத்துட்டு வாரேன்னு பிள்ளைககிட்டச் சொல்லிட்டு எறங்கி நின்னேன். பஸ்ஸு நெறையப் பிள்ளைக. பாட்டுப் போட்டுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு இருந்துச்சுக.”

டாக்டரம்மா சீட்டை எழுதி முடித்து நீட்டினார். அவர் அதை வாங்கிக்கொண்டார். “காரு சொல்லுட்டி” என்றார் என்னிடம்.

ராஜபாளையத்திலிருந்து மதுரைக்குப் போகும் வழியில்தானே எங்கள் ஊர். கோவில் வாசலில் காரை நிறுத்தினோம். அவரை இறங்க விடாமல் பூசாரியைக் காருக்கே கூட்டி வந்தேன். விஷயத்தைச் சொன்னதும் பூசாரி யோசிக்கக்கூட இல்லை. “ஆத்தா எங்கிட்டு ஓடிப் போறா? இங்கனதான் இருப்பா. நீங்க நல்லபடியாப் போயிட்டு வாங்க” என்று காப்பை அவிழ்த்துக்கொண்டு போய் அம்மன் சூலத்தில் கட்டினார். என் கணவர் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வந்தார். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது எதிரே கல்லூரி பஸ்கள் வரிசையாக வந்தன. ஜன்னல் பக்கம் திரும்பி, கடைசி பஸ் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மதுரையில் பெரிய ரத்தக் குழாய் ஒன்று கிட்டத்தட்ட முழுசாக அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். பூக்குழி அன்று அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். நாத்தனார் ஊரிலிருந்து போனில் காட்டினார். நெருப்புக்கு நடுவே மஞ்சள் வேட்டிகள் ஓடின. இவர் வலது மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். கயிற்றின் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை, அதன் மேலேயே கட்டுப் போட்டிருந்தார்கள். அந்த வழியாகத்தான் குழாயை இதயம்வரை விட்டிருக்கிறார்கள்.

“காப்புக் கட்டுன எடத்துலயே ஊசி போட்டுருக்காக, பாத்தியாட்டி?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “லேசா வலிக்கி” என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வார்டில் எல்லோரும் பார்க்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

இப்போது பஸ் ஓட்டுவதில்லை, ஷெட்டில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறார். மாத்திரை தவறுவதில்லை. மறுபடியும் பங்குனி வரப் போகிறது. இறங்கலாமா கூடாதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டுச் சொல்வதாக இருக்கிறார். ஒன்று மட்டும் தலைகீழாக மாறிவிட்டது. எறும்பு கடித்தால்கூட என்னிடம் வந்து வலிக்கிறது என்கிறார். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பகீர் என்றுதான் இருக்கிறது. ஆனாலும் அணைந்த போனைப் பார்த்துக்கொண்டு அவர் தெருவில் நின்ற அந்த நாட்களை நினைத்தால், வலிக்கிறது என்று அவர் வாய்விட்டுச் சொல்வதைவிட எனக்கு நிம்மதியான சொல் வேறு இல்லை.