அம்மாவுக்கு ஒரு படையல்

கல்லூரியில் என்னை 'பாய்' என்பார்கள். பள்ளிவாசலுக்குப் பின்னால் எங்கள் தெருவிலோ, 'அந்த இந்துப் பொம்பள மகன்'. இரண்டையும் கேட்டு எனக்கு எரிச்சல்தான் வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்காவுக்கு நிக்காஹ் முடிவானது. அம்மா தன் அண்ணனை அழைத்தே தீர வேண்டுமென்று பிடிவாதமாக நின்றாள். அத்தாவோடு அவள் வீட்டைவிட்டு வந்து இருபத்தைந்து வருடம். அன்றோடு பேச்சுவார்த்தை அற்றுப்போனது. "பொறந்த வீட்ல இருந்து ஒரே ஒரு ஆளாச்சும் வந்து நிக்கணும்ப்பா" என்றாள். ஆடி அமாவாசைக்கு அண்ணன் எங்கும் நகரமாட்டார், அன்றைக்கே போ என்று நாள் குறித்ததும் அவள்தான்.

அலங்காநல்லூர் பஸ்ஸில் போகும்போது எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். உலகத்தில் எல்லாருக்கும் மாமன் இருக்கிறார், எனக்கு மட்டும் இல்லையே என்ற குறை.

மாமா கிணற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார். "மதுரையில இருந்தா வாரீக? உக்காருங்க தம்பி, இந்தா வந்துருவாக" என்றார் அத்தை. உட்கார்ந்து நிமிர்ந்தேன். சுவரில் ஒரு போட்டோ. இரட்டைச் சடை, தாவணி. அம்மா! கண்ணாடியில் குங்குமம், சாமந்தி மாலை, கீழே இலை நிறையக் குழிப்பணியாரம்.

"எங்க நாத்தனாரு. நான் வாக்கப்பட்டு வாரதுக்கு முன்னாடியே காய்ச்சல்ல போயிருச்சாம். பணியாரம்னா அம்புட்டு உசுராம். வருசா வருசம் சுடச் சொல்லிருவாக" என்றபடி எனக்கும் ஓர் இலையில் நாலு வைத்தார்.

காலையில் என் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தவளுக்கு இங்கே படையல் போட்டிருக்கிறார்கள்!

மாமா ஈரத்துண்டோடு உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அம்மாவின் மூக்கு, அம்மாவின் நெற்றி. பத்திரிகையை நீட்டினேன். வாங்கவில்லை. அத்தையை ஒருமுறை பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"சாப்புட்டுப் போ தம்பி" என்றார். குரல் உடைந்திருந்தது.

அந்த மாலையைப் பிய்த்தெறிந்து கத்த வேண்டும் போலிருந்தது. செய்யவில்லை. உட்கார்ந்து நாலையும் தின்றேன். ஏன் தின்றேனென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அண்ணே வாரேன்னாரா?"

"தோதுப்படாதாம்மா."

முகம் சுருங்கியது. "சாப்பிடவாச்சும் சொன்னாரா?"

"பணியாரம் தந்தாங்க."

"பணியாரமா? எனக்குப் புடிக்கும்னு இன்னமும் நெனப்பு வச்சிருக்காரு பாரு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவிடம் சொல்ல உள்ளே ஓடினாள்.