மட்டாஞ்சேரியில் வாங்கிய பின்கண்

2008 டிசம்பரில் ஒரு காலை ஆறு மணிக்குச் சிங்காநல்லூரிலிருந்து கிளம்பினோம். கொச்சி அங்கிருந்து 190 கிலோமீட்டர். எங்கள் வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. பின்னால் மாட்டிய ட்ரெய்லரில் ஸ்கூட்டரும் மடக்கு நாற்காலிகளும் வரும். என் வீட்டுக்காரர் மில் வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் ஆசை ஆசையாகக் கட்டிய வண்டி இது. வருடத்துக்கு இரண்டு பயணம் போவோம். அவருக்கு அதுதான் உயிர். எனக்கும்தான், சும்மா சொல்லக் கூடாது.

ட்ரெய்லரோடு வண்டியைப் பின்னால் எடுப்பதுதான் பெரிய தலைவலி. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் அது வலப்பக்கம் போகும். பக்கக் கண்ணாடியில் அதன் விலா மட்டும்தான் தெரியும். அதனால் நான் இறங்கிப் பின்னால் நின்று, "வரட்டும், வரட்டும்... நிறுத்துங்க!" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவேன். கெரகம், அவருக்கு இரண்டு வருடமாகக் காது மந்தம். முப்பது வருடம் தறிச் சத்தத்தில் கிடந்த காது. முகம் பார்த்துப் பேசினால் உதட்டை வைத்தே பிடித்துக்கொள்வார், பின்னாலிருந்து கூப்பிட்டால் ஒன்றும் ஏறாது. வீட்டில் அத்தனை பேருக்கும் இது தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. "நீதான் கண்ணு முணுமுணுங்கறே" என்பார். நானும் ஜன்னலோரம் ஓடிப்போய்க் கையை ஆட்டிச் சமாளித்து வந்தேன்.

பாலக்காட்டில் சாயா குடித்துவிட்டுக் கிளம்பும்போது நான் ஜன்னலுக்கு ஓடிவரப் பிந்திவிட்டது. வண்டி விளக்குக் கம்பத்தில் இடித்துப் பின்விளக்கு நொறுங்கியது. போனில் சொன்னதும் மகன், "இன்னொருக்கா இடிச்சா வண்டிய வித்துரலாம்மா" என்றான். அதை அவரிடம் சொன்னேன், முகம் சுண்டிவிட்டது. பின்னால் ஒரு கேமரா மாட்டிவிட்டால் என் குரலே வேண்டியதில்லை, வண்டியும் தப்பும், காது விஷயமும் அவருக்குத் தெரியாமலே போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

பகல் ஒரு மணிக்குக் குண்டனூர், தேவரா வழியாகத் தோப்பும்படிப் பாலம் ஏறி மட்டாஞ்சேரிக்குள் நுழைந்தோம். பஜார் ரோட்டில் சுக்கு நெடி மூக்கை அடைக்கிறது. கிடங்குகளின் முன்னால் லாரிகள் நிற்க, மிச்சமிருக்கும் இடத்தில்தான் மனிதரும் ஆடும் ஆட்டோவும் போகவேண்டும். அங்கே ஒரு சந்துக்குள் என் சித்தி மகள் சரஸ்வதியின் வீடு. அவள் கணவர் முருகனுக்குக் கார்ப்பரேஷனில் வேலை. மூன்று தலைமுறையாகக் கொச்சித் தமிழர்கள்.

முருகன் எங்களைச் சந்து முனையில் கார் ரேடியோ மாட்டும் ஷாஜியிடம் கூட்டிப்போனார். வயர் இல்லாத கேமராவைத்தான் இவர் முதலில் கையில் எடுத்தார். ஷாஜி பிடுங்கி வைத்துவிட்டான்.

"அது வேண்டா சேட்டா, படம் ஆடும். வயர் உள்ளதே நல்லது. பின்னே, கண்ணாடியில காணுற மாதிரி இடம் வலம் மாத்திக் காட்டணும். இல்லேங்கில் சேட்டன் ஒரு பக்கம் நினைச்சு மறுபக்கம் ஒடிக்கும்."

சின்னத் திரையும் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். வேனின் முதுகில் மாட்டலாம் என்றார் இவர். அங்கே வைத்தால் ட்ரெய்லரின் மூக்குதான் தெரியும் என்று ஷாஜி அதை ட்ரெய்லரின் பின்பக்கம், மேலே, கொஞ்சம் குனிந்து பார்க்கிற மாதிரி பொருத்தினான். திருப்பத்தில் அறுந்துவிடாதபடி இரண்டு வண்டிக்கும் நடுவே வயரைத் தொளதொளவென்று விட்டான். ரிவர்ஸ் கியர் போட்டதும் திரையில் தெருவே வந்து நின்றது. ஒரு ஆடு நடந்துபோனது. "அடி ஆத்தி, வால்கூடத் தெரியுது!" என்று இவர் குழந்தை மாதிரிச் சிரித்தார். அன்று சாயங்காலம் முழுக்கச் சந்துக்குள் முன்னும் பின்னும் போய் வந்தார். ஒரு கீறல் விழவில்லை. நான் நிம்மதியாக உட்கார்ந்து மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணி, ஆலப்புழைக்குக் கிளம்பத் தயாரானோம். சரஸ்வதி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். வீட்டுக்கு மிக்ஸி வந்தாலும் சைக்கிள் வந்தாலும் பொட்டு வைக்காமல் விடமாட்டாள். வேனுக்கு வைத்தாள், ட்ரெய்லருக்கு வைத்தாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, புதுசாக வந்த கேமராவுக்கு நெற்றி எங்கே என்று பார்த்திருக்கிறாள். பளபளவென்று வட்டமாக இருந்த இடம்தானே நெற்றி? அங்கேயே கொழகொழவென்று அப்பிவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை.

நான் டிரைவர் ஜன்னலருகே நின்று விடைபெற்றுக்கொண்டிருந்தேன். அவர் திரையில் கண்ணை நட்டு வண்டியைப் பின்னால் எடுத்தார். முருகன் சந்து முனையில் லாரியை நிறுத்தக் கை காட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றிருந்தார். ட்ரெய்லர் நேராக அவர்மேல் போனது.

"மதி! மதி!" என்று சுமை தூக்குகிறவர்கள் அலறினார்கள், மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். நானும், "போதும், நிறுத்துங்க!" என்று கத்தினேன். முருகன் திரும்பிப் பார்த்து ட்ரெய்லரைப் படபடவென்று அறைந்தார். சந்தே கத்தியது. ஜன்னல் திறந்துதான் இருந்தது. வண்டி நிற்கவில்லை. நான் ஜன்னல் வழியே கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் பிரேக் போட்டார்.

முருகன் காலை உருவிக்கொண்டு சுவரோடு ஒட்டியிருந்தார். சக்கரத்துக்கு அடியில் அவர் செருப்பு கிடந்தது.

சரஸ்வதி கேமராவைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "மாமா, நான் பாவி! அதோட கண்ணையே அடைச்சுட்டேனே!"

முந்தானையால் துடைத்தாள். திரை மறுபடியும் பளிச்சென்று தெரிந்தது.

"நீ அழுவாத சாமி. மஞ்சளா தெரிஞ்சுது, வெயில்னு நெனச்சேன்" என்றார் இவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "இத்தன பேரும் கத்துனீங்களா?"

"ஆமாங்க."

"நீ எங்க நின்னே?"

"இங்கதானுங்க. உங்க பக்கத்துல."

"எத்தன நாளா இப்படி?"

முருகனும் சரஸ்வதியும் தரையைப் பார்த்தார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோருக்கும் முன்பே தெரியும் என்பது அந்த நிமிடம்தான் அவருக்குப் புரிந்தது. பின்னாலிருந்து அவரைக் காப்பாற்ற ஒரு கண் வாங்கினேன், கடைசியில் நடுத்தெருவில் நிறுத்தி அவருக்கு அவரையே காட்டிக்கொடுத்துவிட்டேன். வீட்டிலேயே, கையைப் பிடித்துக்கொண்டு, நானே சொல்லியிருக்கலாம்.

சாவியை முருகன் கையில் வைத்தார். "சகலை, ஒரு டிரைவர் பாருங்க. ட்ரெய்லர் இங்கயே நிக்கட்டும். யாராச்சும் கேட்டா குடுத்துருங்க."

"சேட்டா, படம் தெளிஞ்சாச்சு, பேடிக்கண்டா, பயம் வேண்டா" என்று ஷாஜி ஓடிவந்து சொன்னான். இவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார், அவ்வளவுதான். ஆலப்புழை போகவில்லை.

பத்து மணிக்கு மட்டாஞ்சேரியை விட்டோம். சந்திலிருந்து வண்டியை எடுக்கும்போது தெருவே கூடி டிரைவருக்கு வழி சொன்னது, டிரைவரும் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டார். கோயம்புத்தூரில் வண்டி பின்னால் வந்தால் எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள், இங்கே எல்லோரும் ஓடிவருகிறார்கள். என் வீட்டுக்காரர் இடதுபக்க சீட்டில் மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் கட்டிலில்.

தோப்பும்படிப் பாலத்தின்மேல் அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"என்ன கண்ணு, ஏதாச்சும் சொன்னியா?"

"இல்லீங்க" என்று தலையாட்டினேன்.

அங்கமாலியில் கேட்டார். திருச்சூரில் கேட்டார். பாலக்காடு தாண்டியும் கேட்டார். அவர் கேட்ட ஒரு தடவைகூட, அதற்கு முன் நான் வாயே திறந்திருக்கவில்லை.